தாடிக்காரச் சக்களத்தி

மாடியில் இப்போது வேறு குடித்தனம். புருஷன் பெண்டாட்டி இரண்டு பேரும் சோழிங்கநல்லூர்ப் பக்கம் கம்ப்யூட்டர் வேலைக்குப் போகிறவர்கள். வீட்டுக்குள்ளும் சாக்ஸ் போட்டுக்கொண்டு நடப்பார்களோ என்னவோ, சத்தமே வராது. "நல்ல டெனன்ட் கிடைச்சிருக்காங்க, உங்க அதிர்ஷ்டம்" என்று தெருவில் எல்லோரும் சொல்கிறார்கள். நானும் ஆமாம் என்கிறேன். இருபது வருஷம் தலைக்கு மேல் கிட்டார் கேட்டுக்கொண்டே குடும்பம் நடத்தியவளுக்கு இந்த அதிர்ஷ்டத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியவில்லை.

வாசித்தவர் என் அக்காவின் வீட்டுக்காரர். எனக்கு மாமா. செம்பாக்கம் ஏரிக்குப் பக்கத்தில் அப்பா கட்டிய வீடு இது. மேல் போர்ஷன் பெரியவளுக்கு, கீழ் போர்ஷன் சின்னவளுக்கு என்று அப்பா பிரித்துக் கொடுத்துவிட்டுப் போனார். மாமாவின் கம்பெனி அவரை ஓசூருக்கு மாற்றியது பிற்பாடு நடந்தது. அதுவரைக்கும் நான் சமைத்தது, தூங்கினது, பிள்ளைக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தது எல்லாம் அந்தக் கிட்டாருக்குக் கீழேதான்.

மாமாவுக்கு லிப்ட் கம்பெனியில் சர்வீஸ் வேலை. கீழ்க்கட்டளையிலிருந்து பெருங்களத்தூர் வரைக்கும் எங்கே அடுக்குமாடி எழும்பினாலும், அதன் லிப்ட் ஏதாவது ஒரு நாள் மாமாவின் கைக்கு வந்தே தீரும். உறவுக்காரர் வீட்டு விசேஷத்துக்குப் போனால்கூட, லிப்டில் ஏறினதும் தலையைச் சாய்த்துக் காதைக் கொடுப்பார். இரண்டாவது மாடி தாண்டுவதற்குள், "மோட்டார் களைச்சிருக்கு" என்பார். நாங்கள் சிரிப்போம். அடுத்த மாதம் அந்த லிப்ட் நின்றுபோயிருக்கும்.

மற்ற நேரமெல்லாம் கிட்டார். எல்லோரும் வாசிக்கிற மாதிரி சர்ச் பாட்டும் சினிமாப் பாட்டும் என்றால் பரவாயில்லை. மாமாவுக்கு வேண்டியிருந்தது அமெரிக்காவில் இருந்த ஒரே ஒரு ஆள். புளூஸும் ராக்கும் கலந்து வாசிக்கிற லீட் கிட்டாரிஸ்ட். மற்றவர்கள் பின்னால் தாளத்தைப் பிடித்துக்கொண்டிருக்க, முன்னால் வந்து தனியாக அழுதுவிட்டுப் போகிறவர். கேசட் அட்டையில் மங்கலாக ஒரு தாடி தெரியும். அவருடைய பெயரை மாமா எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறார், எனக்கு நினைவில் நின்றதில்லை. நிற்க வேண்டிய தேவையும் இருக்கவில்லை. எங்கள் வீட்டில் அவருக்கு அக்கா வைத்த பெயர் சக்களத்தி.

"சக்களத்தி எழுந்தாச்சா?" என்று காலையில் மாடிப்படியில் நின்று நான் கேட்பேன். கொழுந்தியாள் கேலி செய்யாவிட்டால் வேறு யார் செய்வது?

"இன்னிக்கு லீவு. கரண்ட் இல்ல" என்பாள் அக்கா.

"உலகத்துலயே தாடி வச்ச சக்களத்தி உனக்கு மட்டுந்தாங்க்கா."

மாமா கோபித்துக்கொள்ள மாட்டார். "அதே சுரத்தை யார் வேணாலும் வாசிக்கலாம் பாப்பா. அதே குரல்ல வாசிக்கணும்" என்பார். எனக்கு நாற்பது தாண்டியும் அவருக்கு நான் பாப்பாதான்.

மாமாவைப் பற்றி ஒன்று சொன்னால் எல்லாம் சொன்ன மாதிரி. அவருக்குச் சொந்தமாக ஒன்றைச் செய்யத் தெரியாது. யாராவது செய்வதைப் பார்க்க வேண்டும், அது பிடித்துப்போக வேண்டும், பிறகு அப்படியே வருகிறவரைக்கும் விடமாட்டார். வந்த மறுநாள் அதைத் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்.

கல்யாணமான புதிதில் எங்கள் அப்பா சாப்பாட்டுக்கு முன்னால் செய்கிற நீளமான ஜெபத்தைப் பிடித்துக்கொண்டார். அப்பாவின் இருமல், நடுவில் மூச்சு வாங்குவது, "ஆண்டவரே" என்பதை இழுப்பது எல்லாவற்றையும். ஒரு நாள் கண்ணை மூடியிருந்த அம்மா, ஆமென் சொல்லி முடித்ததும் அப்பாவைப் பார்த்து, "இன்னிக்குக் கொஞ்சம் சீக்கிரம் முடிச்சிட்டீங்களே" என்றாள். ஜெபம் செய்தது மாமா. அதோடு சரி, அப்புறம் எத்தனை கெஞ்சினாலும் அவர் வாயைத் திறக்கவில்லை.

பிரியாணிக் கதை இன்னும் மோசம். எதிர் வீட்டு மும்தாஜ் அக்காவின் வீட்டுக்காரர் தாம்பரம் மார்க்கெட்டில் இரும்புக் கடை வைத்திருப்பவர். பெருநாளைக்கு அவர்கள் வீட்டிலிருந்து பிரியாணி வந்தது. அடுத்த ஞாயிற்றுக்கிழமையிலிருந்து மாமா அடுப்படியில். வாரா வாரம் ஒரு கிண்ணம் எதிர் வீட்டுக்குப் போகும். மும்தாஜ் அக்கா வாயில் போட்டுப் பார்த்து, "பட்டை தூக்கலா கீது தம்பி" என்றோ, "தம் பத்தலை" என்றோ சொல்லி அனுப்புவார். நாங்கள் அந்த வருஷம் தின்ற பிரியாணிக்கு அளவில்லை. ஒரு ஞாயிறு மும்தாஜ் அக்காவே கிண்ணத்தோடு வந்துவிட்டார்.

"இன்னா தம்பி இது! எங்க மாமியா செஞ்ச மாதிரியே கீது. நானே தோத்துட்டேன் போ."

மாமா சிரித்தார். அந்தப் பாத்திரத்தைக் கழுவிக் கவிழ்த்தவர்தான். அதற்குப் பிறகு எங்களுக்குப் பிரியாணி வேண்டுமென்றால் கடைக்குத்தான் போக வேண்டியிருந்தது.

கிட்டார் மட்டும் நிலைத்ததற்குக் காரணம், அது வராததுதான். அப்படித்தான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அந்தத் தாடிக்காரரை வீட்டுக்குள் கொண்டுவந்ததே அக்காதான், அதையும் சொல்ல வேண்டும். தன் காலில் தானே போட்டுக்கொண்ட கோடாலி. மாமாவிடம் கேசட் இருந்தது, போட்டுக் கேட்க டேப் ரெக்கார்டர் இல்லை. அக்கா தன் முதல் சம்பளத்தில் பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் பழைய டேப் ஒன்று வாங்கினாள். நானும் கூடப் போயிருந்தேன். "பாடுமா?" என்று அக்கா கேட்டதற்குக் கடைக்காரர், "எத்துக்கினு போ மா. பாடலைன்னா அடுத்த வாரம் கொண்டாந்து என் மூஞ்சிலயே அடி" என்றார். பாடியது. மூஞ்சி தப்பித்தது.

அந்த டேப்பில் எதைப் போட்டாலும் கனமாகக் கேட்கும். அக்காவின் பக்திப் பாட்டுக் கேசட்டைப் போட்டால், பாடுகிற அம்மாவுக்கு ஜலதோஷம் பிடித்த மாதிரி இருக்கும். "பழைய செட்டுன்னா செட்டுதான், பேஸ் எப்படி இறங்குது பாரு" என்று அக்கா பெருமைப்பட்டுக்கொள்வாள்.

தாடிக்காரரின் பாட்டில் மாமா பிடித்துக்கொண்டது ஒரு சின்ன இடம். இடது கை விரலால் கம்பியை மேலே தள்ளி, ஒரு சுரத்தை அடுத்த சுரம்வரைக்கும் இழுத்துக்கொண்டு போவது. நேரே போய்ச் சேர்ந்துவிடாது. சேருவதற்குக் கொஞ்சம் முன்னால் நின்று, போகலாமா வேண்டாமா என்று யோசித்து, அப்புறம் சேரும். சேர்ந்த பிறகு லேசாக ஒரு நடுக்கம். "பார்த்தியா, அவசரமே படமாட்டாரு மனுஷன்" என்று மாமா சொல்லிச் சொல்லி மகிழ்ந்துபோவார்.

அவசரப்படாமல் இருப்பதையும் அவர் கற்றுக்கொண்டார். நான் கல்யாணத்தில் பார்த்த மாமா படபடவென்று பேசுகிறவர், மாடிப்படியை இரண்டிரண்டாகத் தாண்டுகிறவர். ஒன்றிரண்டு வருஷத்தில் நிதானமாகிவிட்டார். ஒரு கேள்வி கேட்டால் பதில் வருவதற்குள் நாம் குக்கர் வைத்துவிட்டு வரலாம். சாப்பாட்டை மென்று மென்று சாப்பிடுவார். அக்காவோடு சண்டை வந்தால்கூட, அவள் பேசி முடித்து, ஆறி, வேறு பேச்சுக்குப் போன பிறகுதான் இவர் முதல் வார்த்தை சொல்வார். தாடிக்காரர் என்ன செய்தாரோ தெரியாது, எங்கள் அக்கா வீட்டில் சண்டை என்பதே நின்றுபோனது.

ஒரே தொல்லை ஞாயிற்றுக்கிழமை. கேசட்டில் சுருதி இறங்கி இருக்கும். அந்தாள் கம்பிகளைத் தளர்த்தி வைத்து வாசிக்கிறவர், பல பேர் அப்படிச் செய்வார்கள் என்று மாமா சொல்வார். இவரும் தளர்த்தி வைத்திருப்பார். சர்ச்சில் கொயரோடு வாசிக்கக் கீபோர்டு சுருதிக்கு ஏற்ற வேண்டும். ஆகவே ஞாயிறு காலையில் கம்பிகளை ஏற்றுவார், மத்தியானம் வந்து இறக்குவார். அடிக்கடி கம்பி அறுந்து போகும். "ஞாயித்துக்கிழம கர்த்தருக்கு, மத்த நாளெல்லாம் சக்களத்திக்கு" என்பாள் அக்கா.

சத்தம் அதே மாதிரி வர மாமா படாத பாடு இல்லை. ஐஸ்கிரீம் டப்பா மூடியை வெட்டிக் கம்பி மீட்டிப் பார்த்தார். கிட்டார் சத்தம் வெளியே வருகிற ஆம்ப் பெட்டியைப் பாத்ரூமில் வைத்துப் பார்த்தார். அப்பா அப்போது உள்ளே குளித்துக்கொண்டிருந்தார், அதை விடுங்கள். கடைசியில் ஆம்ப் போய்ச் சேர்ந்த இடம் அக்காவின் பீரோ. புடவைகளுக்கு நடுவே அதை உட்காரவைத்துக் கதவைப் பாதி சாத்தினால், கீச்சென்று வருகிற சத்தத்தைப் புடவைகள் வாங்கிக்கொள்ளுமாம். மிச்சம் வெளியே வருவதுதான் அந்த டோனாம். அக்காவின் பட்டுப்புடவைகள் சந்தன சோப்பு வாசமும் சூடான ஆம்ப் வாசமும் கலந்து வரும். கல்யாண வீடுகளில் அக்காவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தால் எனக்குச் சிரிப்பாக இருக்கும்.

சாயங்காலம் மாமா கூடத்தில் உட்கார்ந்து அந்த இடத்தை வாசிப்பார். அக்கா சமையலறையில் இருப்பாள். வாசித்து முடித்ததும் மாமா முகத்தைச் சமையலறைப் பக்கம் திருப்புவார்.

"எப்படி?"

"இன்னும் இல்ல."

"சரி, நாளைக்கு."

தினமும் இதுதான். டேப் ரெக்கார்டர் ஒரு மழைக்காலத்தில் செத்துப்போன பிறகும் இது நடந்தது. அக்கா அதன் மேல் பின்னல் துணி போட்டு ஷெல்பில் வைத்துவிட்டாள். போனில் எல்லாம் கிடைக்கிறதே, கேளுங்களேன் என்றால் மாமா கேட்க மாட்டார். "போன் தகர டப்பா. எனக்குக் காதுலயே இருக்கு" என்பார். அக்காவுக்கும் காதிலேயே இருந்தது போல. டேப் இல்லாமலும் அவள் தீர்ப்பு மாறவில்லை.

ஒரு நாள் துணி மடித்துக்கொண்டிருந்தபோது எனக்கே பொறுக்கவில்லை. "நிஜமாவே வரலையாக்கா? எனக்கு அதே மாதிரிதான் கேக்குது."

அக்கா கூடத்துப் பக்கம் எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தணித்தாள். "வந்து ரொம்ப வருஷமாச்சுடி."

"அடிப்பாவி! சொல்லிட வேண்டியதுதானே? பாவம் மனுஷன்."

"சொன்னா நாளைக்கே அது பரண் மேல போயிடும். பிரியாணி என்னாச்சு?" தலையணை உறையை உதறினாள். "எங்களுக்குக் குழந்தையா குட்டியா? வேலை விட்டு வந்து இவரு என்னதான் செய்வாரு சொல்லு. நாளைக்குன்னு ஒண்ணு இருக்கட்டுமே."

அவளுக்கு மார்பில் கட்டி வந்ததும், ஊரிலுள்ள ஆஸ்பத்திரிகளுக்கெல்லாம் அலைந்ததும் எல்லார் வீட்டிலும் நடக்கிற கதைதான். கடைசி மாதங்களில் அவள் சமையலறைக்குப் போகவில்லை, உள் அறையில் படுத்திருந்தாள். மாமா கூடத்தில் சத்தத்தைக் குறைத்து வாசிப்பார். அக்காவின் குரல் கூடம்வரைக்கும் எட்டாது. நான் பக்கத்தில் இருந்து கேட்டுச் சொல்வேன்.

"இன்னும் இல்லையாம் மாமா."

"சரி, நாளைக்கு."

நான் கடைசியாக அப்படிச் சொன்ன வாரமே அக்கா போய்விட்டாள்.

மாமா அழவில்லை. கல்லறைத் தோட்டத்தில் எல்லோரும் அவரைப் பார்த்துக்கொண்டே நின்றார்கள். "அழுதுடுப்பா, நெஞ்சுல வச்சிக்காத" என்று யாரோ முதுகைத் தடவினார்கள். அவர் தலையாட்டினார். யாராவது அழுவதைப் பார்த்துக் கற்றுக்கொள்கிறாரோ என்றுகூட எனக்குத் தோன்றியது, அந்த நேரத்திலும் என் புத்தி அப்படித்தான் போனது. நானும் அழவில்லை. எனக்குச் சாப்பாட்டு வேலை இருந்ததால் யாரும் கவனிக்கவில்லை. உட்கார்ந்தே இருந்தால் கால் மரத்துப்போகுமே, கிள்ளினாலும் யாரோ ஒருத்தர் காலைக் கிள்ளுகிற மாதிரி இருக்குமே, அப்படி இருந்தேன். சரியாகிவிடும் என்று காத்திருந்தேன், சரியாகவில்லை. ஆபீஸ் போனேன், வந்தேன். மீன் மலிவாக வந்தால் வாங்கினேன்.

ஒரு மாதம் கழித்து அத்தைமார்கள் வந்து, வைத்துக்கொண்டிருக்கக் கூடாது என்று அக்காவின் புடவைகளைப் பங்கு போட்டார்கள். மாமா தடுக்கவில்லை. என் பங்குக்கும் ஒரு கட்டு வந்தது. அன்று சாயங்காலம் மாடியிலிருந்து வந்த சத்தம் காதைக் கிழித்தது. காலியான பீரோவுக்குள்ளிருந்து தகரத்தில் ஆணி கீறுகிற சத்தம். கொஞ்ச நேரத்தில் மாமா கீழே இறங்கி வந்தார்.

"பாப்பா, பீரோவுல வைக்க ஏதாச்சும் துணி இருக்கா?"

பழைய பெட்ஷீட்டுகளைக் கொடுத்தேன். மறுநாளும் அதே கீறல். மூன்றாம் நாள் என் பங்குப் புடவைக் கட்டைத் தூக்கிக்கொண்டு போய் நானே பீரோவில் அடுக்கினேன். மாமா வாசித்தார். சத்தம் பழையபடி வந்தது. முகத்தைச் சமையலறைப் பக்கம் திருப்பவில்லை, எப்படி என்றும் கேட்கவில்லை. கிட்டாரைச் சுவரில் சாய்த்துவிட்டுப் பாயை விரித்தார். அக்கா போனதிலிருந்து அவர் வாயில் 'நாளைக்கு' என்ற வார்த்தையை நான் கேட்கவில்லை. மளிகைக் கடைக்காரரிடம்கூட, "அப்புறம் வரேன்" என்றுதான் சொன்னார்.

இந்த மனுஷனுக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று எனக்குப் பட்டது. வருத்தத்தில் அல்ல, பில் கட்ட வேண்டும் என்று படுகிற மாதிரி. கிறிஸ்துமஸுக்கு நல்ல ஸ்பீக்கர் ஒன்று வாங்கினேன். கேசட் அட்டையில் பெயரைப் பார்த்து, அந்தப் பாட்டைப் போனில் தேடி எடுத்து வைத்துக்கொண்டேன். மாடிக்குப் போய், "தகர டப்பா இல்ல மாமா, இதக் கேட்டுப் பாருங்க" என்று போட்டேன். சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, அதுதான்.

முதல் சத்தம் வந்ததுமே மாமா நிமிர்ந்தார். நானும்தான். பாட்டு அதே பாட்டு. ஆனால் ஓடியது. சுருதி ஏறி, மெலிந்து, யாரோ துரத்துகிற மாதிரி.

"இது வேற ஆளு பாப்பா."

போனில் படத்தைக் காட்டினேன். அதே தாடி.

மாமா கிட்டாரை எடுத்தார். ஒரு கம்பியைத் தட்டினார், பாட்டோடு சேரவில்லை. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்கு ஏற்றுவதுபோல் ஏற்றினார், சேர்ந்தது. கிட்டாரைக் கீழே வைத்துவிட்டுப் போய், ஷெல்பில் பின்னல் துணியை எடுத்து மடித்து வைத்தார். டேப் ரெக்கார்டரைத் திருப்பி ஸ்குரூக்களைக் கழற்றினார். உள்ளே தொளதொளவென்று தொங்கிய ரப்பர் பெல்ட்டை விரலால் தூக்கிப் பார்த்தார். மோட்டாரை நகத்தால் சுற்றிப் பார்த்தார்.

"வாங்கும்போதே களைச்சிருக்கு" என்றார். "மோட்டார் மெதுவா சுத்துனா எல்லாமே மெதுவாகும், சுருதியும் இறங்கும். லிப்டா இருந்தா ஏறின உடனே சொல்லியிருப்பேன்."

எனக்கு மெல்லத்தான் புரிந்தது. அந்தாள் கம்பியைத் தளர்த்தவுமில்லை, நின்று யோசிக்கவுமில்லை. நின்றதும் யோசித்ததும் பல்லாவரம் சந்தை டேப்.

"இந்தாளுக்கு இவ்ளோ அவசரமா!" என்றார் மாமா. குரலில் வருத்தம் இல்லை, கோபம் இல்லை. பாட்டை மறுபடி போடச் சொன்னார். ஏற்றிய சுருதியில் கூடவே வாசித்தார். முதல் தடவை இரண்டு இடத்தில் பின்தங்கினார், அடுத்த தடவை ஓர் இடத்தில். அப்புறம் எது ஸ்பீக்கர், எது மாமா என்று எனக்குத் தெரியவில்லை. விரல்களுக்கு எல்லாமே முன்பே தெரிந்திருந்தது, வேகம்தான் பாக்கி. இருபது வருஷம் வராதது காப்பி ஆறுவதற்குள் வந்தது.

"வந்துடுச்சு" என்றார்.

அந்த வார்த்தையை அந்த வீட்டில் அன்றுதான் முதல்முதலாகக் கேட்டேன். கிட்டாரை உறையில் போட்டு ஜிப்பை இழுத்தார், ஸ்டூல் போட்டு ஏறிப் பரண் மேல் வைத்தார். இறங்கிக் கையைத் தட்டிக்கொண்டார்.

அதற்குப் பிறகு மாடியில் சத்தம் இல்லை. மாமா வேலைக்குப் போனார், வந்தார், கூடத்தில் நாற்காலியில் உட்கார்ந்தார். விளக்குப் போடாமலே உட்கார்ந்திருப்பார். நான் சாப்பாடு கொண்டுபோனால் சாப்பிடுவார், கொண்டுபோகாவிட்டால் கேட்க மாட்டார். "ஏன் மாமா, கிட்டார எடுங்களேன்" என்றால், "அதான் வந்துடுச்சே பாப்பா" என்பார். ஒரு நாள் அவர் சட்டை தோளில் தொங்குவதைப் பார்த்தபோது எனக்குப் பயம் வந்தது. அக்கா போனதிலிருந்து எனக்கு ஏதாவது ஒன்று தெளிவாகத் தெரிந்தது என்றால் அந்தப் பயம்தான். அவள் எதைத் தடுத்து வைத்திருந்தாளோ அது நடந்துகொண்டிருந்தது. இந்த மனுஷனும் போய்விடுவார் என்று பயந்தேன்.

மும்தாஜ் அக்காகூடக் கேட்டார். "இன்னா பாப்பா, மேல சத்தமே காணோம்? தம்பிக்கு ஒடம்பு கிடம்பு சரியில்லையா? அந்த ஙொய்யிங் ஙொய்யிங் இல்லாம எனக்கு நாஷ்டா எறங்க மாட்டேங்குது."

பிப்ரவரியில் அக்காவின் முதலாம் ஆண்டு நினைவு ஜெபம். மாடிக் கூடத்திலேயே வைத்தோம். பாஸ்டர், கொயர்க்காரர்கள், உறவுக்காரர்கள், மும்தாஜ் அக்கா எல்லோரும் ஜமக்காளத்தில் உட்கார்ந்திருந்தார்கள். கொயர்த் தம்பி கீபோர்டு கொண்டுவந்திருந்தார். ஜெபம் முடிந்ததும் பாஸ்டர், "சகோதரர் ஒரு பாட்டு வாசிச்சா நல்லா இருக்குமே, சகோதரிக்குப் பிடிச்ச பாட்டா" என்றார். ஒரு மரியாதைக்குக் கேட்டிருப்பார். நான் டீ எடுக்கச் சமையலறைக்குப் போனேன்.

ஸ்டூல் இழுபடும் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தேன். மாமா வெள்ளைச் சட்டையில் ஒட்டடையோடு பரணிலிருந்து கிட்டாரை இறக்கிக்கொண்டிருந்தார். ஆம்பை எடுத்துப் பீரோவைத் திறந்து புடவைகளுக்கு நடுவில் வைத்து, கதவைப் பாதி சாத்தினார். அத்தைமார்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். மாமா தரையில் உட்கார்ந்தார். கம்பிகள் சரியான சுருதியில்தான் இருந்திருக்க வேண்டும், அன்றைக்கு ஏற்றியபடியே பரணுக்குப் போனவை. அவர் ஒவ்வொன்றாகத் திருகி இறக்க ஆரம்பித்தார்.

கீபோர்டுத் தம்பி பதறினார். "அங்கிள், பிட்ச் எறங்குது."

"எறங்கட்டும்."

பிறகு வாசித்தார். சர்ச் பாட்டு இல்லை. அந்தச் சின்ன இடம்தான், டேப்பில் இருந்தபடி. கம்பியை மேலே தள்ளினார். சேருவதற்கு முன்னால் அது நின்றது. நான் டீ வடிகட்டியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றேன். போகலாமா வேண்டாமா என்று யோசித்தது. கூடத்தில் ஒரு குழந்தை சிணுங்கியது. அப்புறம் அது போய்ச் சேர்ந்து, லேசாக நடுங்கி, அடங்கியது.

பிசிறில்லாமல் இருந்தது. அக்கா இருந்தால் அவளுக்கே 'வந்துடுச்சு' என்று நாக்கு நுனிவரை வந்திருக்கும்.

மாமா முகத்தைச் சமையலறைப் பக்கம் திருப்பினார். ஒரு வருஷத்துக்குப் பிறகு.

"எப்படி?"

கூடத்தில் இருந்த அத்தனை தலைகளும் என் பக்கம் திரும்பின. பாஸ்டர் அன்பாகப் புன்னகைத்துக்கொண்டிருந்தார், நான் அருமை என்று சொல்வதற்காக. வடிகட்டியைக் கீழே வைத்தேன்.

"இன்னும் இல்ல, மாமா."

பாஸ்டரின் புன்னகை அப்படியே நின்றது. ஒரு அத்தை, "என்னடி இது, நினைவு நாளும் அதுவுமா" என்றாள். மாமா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். எப்போதும் போல் பதில் வர நேரமானது. பிறகு தலையை ஆட்டினார்.

"சரி, நாளைக்கு."

நான் உள்ளே திரும்பி டம்ளர்களை வரிசையாக வைத்தேன். கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்துகொண்டே இருந்தது. துடைத்துக்கொண்டிருந்தால் டீ ஆறிவிடும் என்று அப்படியே ஊற்றினேன்.